பச்சை குத்திய கை

அத்தியாயம் 17

ரோஸி மாதாவிடம் என்ன வேண்டிக்கொண்டாள் என்பது அந்த மாதாவுக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். போன வாரம் நமக்கும் தெரிந்துவிட்டது.

மகள் தமிழ்மொழி ராணுவத்தில் சேர அக்னிவீர் எழுத்துத் தேர்வில் தேறினாள். ஓட்டத்தில் தேறினாள். தாண்டச் சொன்னார்கள், தாண்டினாள். நொச்சிக்குப்பமே அவளுக்கு மாலை போட்டது. புருஷன் டில்லிபாபு வலைக்காரர்கள் அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். அன்று சாயங்காலமே ரோஸி தனியாக பெசன்ட் நகர் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். "தாயே, டாக்டர் பரிசோதனையில மட்டும் இவள வேணாம்னு அனுப்பிட வையி. வூட்டுலேர்ந்து செருப்பு போடாம உன் வாசலுக்கு நடந்தே வரேன்" என்று முணுமுணுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல வீட்டுக்கு வந்து மகளுக்கு இறாத் தொக்கு செய்து போட்டாள்.

அவளைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிடாதீர்கள். கடலுக்குப் போகிறவனுக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். கல்யாணமான நாளிலிருந்து விடியற்காலையில் கரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் பிழைப்பு. காற்று கொஞ்சம் மாறி வீசினால் போதும், அடுப்பில் வைத்தது தீயும். ஒரு ஆளுக்குக் காத்திருந்தே பாதி ஆயுசு கரைந்துபோனது. இன்னொரு ஆளையும் எல்லையில் நிறுத்திவிட்டு எப்படிக் காத்திருப்பது?

அந்தப் பரிசோதனை இன்றைக்குத்தான்.

நந்தனத்து மைதானத்தில் முகாம். இருட்டு பிரிவதற்கு முன்பே தமிழ்மொழி குளித்து முடித்துக் கிளம்பிவிட்டாள். "ம்மா, நீயும் வாயேன்" என்று கேட்டாள். "மீனு கெட்டுப்பூடும்" என்றாள் ரோஸி. ஐஸ் பெட்டி நிறைய ஐஸ் இருந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டுப் போனாள்.

மீன் அங்காடியில் காலை வியாபாரம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ரோஸி வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். எதிரே நின்றவள் ஜமீலுன்னிசா. ராயப்பேட்டையிலிருந்து வாரம் தவறாமல் வந்து, வாரம் தவறாமல் சண்டை போட்டு வாங்கிப் போகிறவள்.

"இன்னா ரோஸிம்மா, கையி இங்க கீது, நெனப்பு எங்க கீது? வாலையும் துண்டோட சேத்துப் போட்டுட்ட."

"பொண்ணு பட்டாளத்து டாக்டருகிட்ட போயிகீறாக்கா."

"இன்னிக்கா? அட, சொல்லவேல்ல! ஒண்ணும் கவலப்படாத. எங்க அக்கா மவன் உமர் ஃபாரூக்க காதுல அழுக்கு கீதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பயந்துட்டோம். அப்பால அழுக்க எடுத்துகினு போனான், சேத்துகினாங்க. இப்ப எங்கியோ பனியில நின்னுகினு கீறான்."

ரோஸி கத்தியைக் கீழே வைத்தாள்.

"உங்க அக்கா தூங்குறாங்களா?"

ஜமீலுன்னிசா பையின் வாயைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"பழகிடுச்சும்பா. ஆனா போன் அடிச்சா மொத ரிங்கு முடியறதுக்குள்ள எடுத்துடுறா" என்றாள். அன்றைக்குப் பேரம் பேசாமலே மீனை வாங்கிக்கொண்டு போனாள்.

பத்து மணி வெயில் கூரைத் தகரத்தில் ஏறியபோது ரோஸியின் போன் அடித்தது. தெரியாத எண். அவளும் முதல் ரிங்கு முடிவதற்குள் எடுத்தாள். எடுத்த பிறகுதான் அது உறைத்தது.

"ம்மா."

"இன்னா கண்ணு? யாரு போனு இது?"

"கூட வந்த பொண்ணோட அப்பாது. ம்மா, என்ன நிறுத்தி வெச்சிட்டாங்க."

"நிறுத்தி வெச்சிட்டாங்கன்னா?"

"கையில பச்சை கீதுல்ல. அதுக்காவ."

நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று குதித்தது. பொய் சொல்வானேன், அது சந்தோஷம்தான். மாதா கேட்டுவிட்டாள்! என் பிள்ளை வீட்டோடு இருப்பாள்! ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் அந்தச் சந்தோஷம் இருந்தது. அதற்குள் போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மிதிவண்டியிலிருந்து விழுந்து முட்டி கிழிந்தபோதுகூட அழாத பெண் அவள்.

"காலையில ஒருத்தரு, 'டாட்டூ கீட்டூ இருக்கா'ன்னு கேட்டாரும்மா. 'இல்ல சார்'னு சொல்லிட்டேன். அப்பால டாக்டரு கையப் பாத்துட்டு, 'ஏம்மா பொய் சொன்ன'ன்னு கேட்டாரு. நான் பொய் சொல்லலம்மா. இத டாட்டூன்னு நான் நெனக்கவேயில்ல."

எப்படி நினைப்பாள்? அந்தக் குப்பத்தில் டாட்டூ என்றால் தியாகராய நகருக்குப் போய்ப் பையன்கள் கழுத்தில் குத்திக்கொண்டு வரும் தேளும் பட்டாம்பூச்சியும்தான். மாதா கோயில் திருவிழாவில் குத்திக்கொள்ளும் சிலுவை அந்தக் கணக்கில் வராது. ரோஸி கையில் ஒன்று இருக்கிறது, ரோஸியின் அக்கா தங்கை கைகளில் இருக்கிறது. காதில் தோடு இருக்கிறதா என்று கேட்டால் ஆமாம் என்பார்கள். பச்சையைப் பற்றி யார் யோசித்தார்கள்?

"அங்கியே இரு. தோ வரேன்."

பக்கத்துக் கடை ஆரோக்கியமேரியிடம் கத்தியையும் தராசையும் ஒப்படைத்துவிட்டு ரோஸி ஆட்டோவில் ஏறினாள். மீன் கெட்டுப்போகும் என்ற நினைப்பு அவளுக்கு வரவேயில்லை.

முகாம் வாசலுக்கு எதிரே, நடைபாதை மர நிழலில் தமிழ்மொழி குந்தியிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு கையில் என்னவோ செய்துகொண்டிருந்தாள். கிட்டே போன பிறகுதான் ரோஸிக்குத் தெரிந்தது. செங்கல் துண்டு ஒன்றை எடுத்து அந்தச் சிலுவையின் மேல் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் சிவந்து, ஓரத்தில் ரத்தம் துளிர்த்திருந்தது.

"அடிப்பாவி!" ரோஸி செங்கல்லைப் பிடுங்கி வீசினாள். "இன்னாடி பண்ற?"

"போவ மாட்டேங்குதும்மா."

"அது எப்பிடிடீ போவும்? ஆயுசுக்கும் போவக் கூடாதுன்னுதானே குத்துனது."

முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அந்தக் கையைத் துடைத்தாள். தமிழ்மொழி விளக்கினாள். உள்ளங்கையை மேலே காட்டி நீட்டினால், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உள்பக்கம் எங்கே பச்சை இருந்தாலும் பரவாயில்லையாம். வெளிப்பக்கம் இருக்கக் கூடாதாம். அதுதான் சர்க்கார் சட்டமாம். அவளுடைய சிலுவை இரண்டுக்கும் நடுவே, முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து ஓரமாக இருக்கிறது. பரிசோதித்த டாக்டர் வெளிப்பக்கம் என்று எழுதிவிட்டார். ராணுவ ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ஒருவர் மறுபடி பார்ப்பார். அவர் சொல்வதுதான் முடிவு. எப்போது வர வேண்டும் என்று போன் செய்வார்களாம்.

"உன்னுது உள்பக்கம்தானே கீது? என்னுது மட்டும் ஏம்மா இப்பிடி ஓரமா?"

ரோஸி தன் கைச் சிலுவையைப் பார்த்தாள்.

அந்தப் பிள்ளைக்கு அப்போது மூன்று வயது. மூச்சிரைப்பு வந்து பிழைத்தெழுந்த வருஷம். பெசன்ட் நகர் திருவிழாக் கூட்டத்தில், பச்சை குத்துகிறவன் முன்னால் உட்கார வைத்தாள். மெஷின் சத்தம் கேட்டதுமே குழந்தை அலறிக்கொண்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. "கைய திருப்பிப் புடிம்மா, உள்பக்கம் காட்டு" என்று அவன் கத்தினான். ரோஸிக்குத் திருப்ப மனசு வரவில்லை. குழந்தையை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எந்தப் பக்கம் அவன் கைக்கு எட்டியதோ அந்தப் பக்கம் குத்திவிட்டான்.

"நீ அழுத. நான் இறுக்கிப் புடிச்சிகினேன். அதான் ஓரமா பூடுச்சு" என்றாள் ரோஸி.

தமிழ்மொழி அழுகையினூடே கொஞ்சம் சிரித்தாள். "வுடும்மா. அதுக்கு நீ இன்னா பண்ணுவ?"

அந்த ஒரு சொல்தான் ரோஸியை உட்கார விடாமல் செய்தது. கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். அன்றைக்கு இறுக்கிப் பிடித்ததற்குக் காரணம் இருந்தது, குழந்தை அழுதது. இப்போது இறுக்கிப் பிடித்திருப்பது யாருடைய அழுகைக்காக?

எழுந்தாள். செருப்பைக் கழற்றி மீன் பைக்குள் போட்டாள்.

"வா, மாதா கோயிலுக்குப் போவலாம்."

"எம்மா! தாரு கொதிக்குது. செருப்ப ஏன் கழட்டுற? ஆட்டோ புடிக்கலாம்."

"நடந்துதான் போவணும். நீ வேணா பின்னால ஆட்டோல வா."

கடற்கரை மணலில் தினமும் ஏலம் நடக்கிறதே, அங்கே ஒரு வழக்கம் உண்டு. கூறு போட்ட மீனுக்கு ஒருத்தி விலை கேட்டுவிட்டால் கேட்டதுதான். அப்புறம் கூடையைக் கிளறிப் பார்த்து, நெத்திலி நொறுங்கியிருக்கிறது, எனக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் மறுநாள் அந்த வட்டத்துக்குள் அவளை யாரும் சேர்க்க மாட்டார்கள். ரோஸி இத்தனை வருஷத்தில் கேட்ட கூறை எடுக்காமல் போனதில்லை. மனுஷர்களிடமே அப்படி என்றால் மாதாவிடம் பின்வாங்குவாளா? கேட்டாள், கிடைத்துவிட்டது. பிடிக்காவிட்டாலும் பேசினதைக் கொடுத்தாக வேண்டும். வீட்டிலிருந்து நடக்கிறேன் என்று நேர்ந்திருந்தாள். நந்தனத்திலிருந்தும் கிட்டத்தட்ட அதே தூரம்தான், மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இவ்வளவும் தெரியாத தமிழ்மொழி, "எனக்காவ வேண்டிகினியா? நான் செலக்ட் ஆவணும்னா?" என்று கேட்டபடி கூடவே நடந்தாள்.

ரோஸி நடந்துகொண்டேயிருந்தாள். மர நிழல் இருக்கும் இடத்தில் வேகம் குறைந்தது, வெயிலில் கூடியது. இரண்டு தடவை மகள் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். கோட்டூர்புரம் பாலத்தில் ஏறியபோது உள்ளங்கால் எரிந்தது. ஆற்றுக்காற்றோடு ஆற்று நாற்றமும் வந்தது.

"சொல்ல மாட்டியா? இன்னா வேண்டிகின?"

ரோஸி பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ தோக்கணும்னு வேண்டிகினேன்."

ஒரு பஸ் கடந்து போனது. தமிழ்மொழி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். விளையாட்டாகச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னே நடக்கத் தொடங்கினாள். பயிற்சி எடுத்த கால்கள் அவை. ஐந்தாறு எட்டில் தூரமாகப் போய்விட்டாள். ரோஸி கூப்பிடவில்லை. கூப்பிட என்ன வாய் இருக்கிறது அவளுக்கு? கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளாமல் அவளும் பின்னாலேயே நடந்தாள்.

பாலம் முடியும் இடத்தில் மகள் நின்றாள். ஆற்றைப் பார்த்தபடி நின்றாள். ரோஸி வந்து சேரும்வரை நகரவில்லை.

"ஏம்மா?" என்றாள் திரும்பாமலே.

"உங்க நைனாவுக்குக் காத்துகினு கெடக்குறதே போதும்டீ எனக்கு. உனக்கும் சேத்து எப்பிடிக் காத்துகினு கெடப்பேன்? நாலு வருஷம் கழிச்சு நூத்துல முக்கால்வாசிப் பேர வூட்டுக்கு அனுப்பிடுவாங்களாமே. மிச்சம் வெச்சிக்கிற கால்வாசி பத்தாதுன்னு பார்லிமென்ட்டுலயே கேள்வி கேக்குறாங்களாமே. அதுக்கா போவணும் நீ?"

"வருஷா வருஷம் மீன் புடிக்கத் தடைக்காலம் வருது. அதுக்காவ நைனா வலையே பின்னாம வுட்டுட்டாரா?"

ரோஸி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறாள், அவள் அப்பனைப் போலவே.

"பெருவெள்ளம் வந்துச்சே, நான் நாலாவது படிக்கச்சொல்ல" என்றாள் தமிழ்மொழி. "நைனா படக லாரியில ஏத்திகினு இங்கதானே வந்தாரு?"

"இங்கதான். அதோ அந்தக் குடியிருப்பு பூரா தண்ணி."

"பட்டாளத்துக்காரங்க நாலு பேரு நைனா படகுல ஏறிகினாங்களாம். அவங்களுக்கு ஆத்து வழி தெரியல, நைனாவுக்குக் கயிறு கட்டி மாடியிலேர்ந்து எறக்கத் தெரியல. ரெண்டு நாளு ஒண்ணா சேந்து ஆள எறக்குனாங்களாம். வூட்டுக்கு வந்து நைனா அத சொன்னாரே, அன்னிக்கு முடிவு பண்ணேன் நானு."

ரோஸிக்கு இது புதுச் செய்தி. சீருடை ஆசை, சம்பள ஆசை, கூட்டாளிப் பெண்களைப் பார்த்து வந்த ஆசை என்று என்னென்னவோ நினைத்திருந்தாள். பத்து வருஷமாக ஒரு பிள்ளை மனசுக்குள் இதை வளர்த்துக்கொண்டிருந்ததும், சோறு போட்ட தனக்கு அது தெரியாமல் போனதும் அவளுக்கு வலித்தது.

"அன்னிக்கு நைனாவப் போவ வேணாம்னு நீ கத்துன. எனக்கு நல்லா ஞாபகம் கீது."

"கத்துனேன்."

"அப்பால படகுக்கு டீசல் ஊத்துனது யாரு?"

"நான்தான். ஊத்தாம? பாதி ஆத்துல படகு நின்னுட்டா இன்னா ஆவறது?"

சொல்லி முடித்த பிறகு தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. தமிழ்மொழி இப்போதுதான் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. ஆனால் உதட்டோரம் சிரிப்பு இருந்தது.

"உன் வேண்டுதலு பலிச்சிடுச்சின்னுதானே நடக்குற? கேட்ட கூறுன்னு?"

"ஆமா. கடனத் தீத்துட்டு அடுத்த கூறு கேக்கப் போறேன்" என்றாள் ரோஸி.

மகள் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தாள். இரண்டையும் கழற்றி, முடிச்சுப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வெறுங்காலைத் தாரில் வைத்தாள்.

"அடியே!" ரோஸி அலறினாள். "கால்ல கொப்புளம் வந்துச்சின்னா அந்த டாக்டரு அதுக்கும் வேணாம்னு எழுதுவாரு! போட்றீ ஷூவ! போடுங்குறேன்ல!"

தமிழ்மொழி விழுந்து விழுந்து சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். நடுரோடு என்றும் பார்க்காமல் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மீன் நாற்றமும் வியர்வையுமாக இருந்த அந்தத் தோளில் முகத்தை வைத்துத் தேய்த்தாள். பிறகு ஷூவைப் போட்டுக்கொண்டு, வழியெல்லாம் அம்மாவை நிழல் பக்கமாக நடத்திக்கொண்டு வந்தாள்.

கோயிலில் மதியக் கூட்டம் இல்லை. ரோஸி மெழுகுவர்த்தி ஏற்றி முழந்தாளிட்டாள்.

"தாயே, பேசினத கொடுத்துட்டேன். கணக்கு தீந்துச்சு. இப்ப வேற கேக்குறேன். அந்தச் சிலுவைய அன்னிக்கு நீ எந்தப் பக்கம்னு பாத்தியோ, பெரிய டாக்டரும் அந்தப் பக்கமே பாக்கட்டும்" என்றாள். இந்த முறை அதற்கு என்ன கொடுப்பதாகச் சொன்னாள் என்பது மெழுகுவர்த்திக்குக்கூடக் கேட்கவில்லை.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. டில்லிபாபு. தமிழ்மொழிதான் எடுத்தாள், ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்கம்மா கீறீங்க ரெண்டு பேரும்? கரைக்கு வந்து பாத்தா கடையில ஆரோக்கியமேரி கீது. பச்சைக்காவ உன்ன நிறுத்தி வெச்சிட்டாங்களாமே, இன்னா ஆச்சு?"

மகள் நடந்ததைச் சொன்னாள்.

"உங்கம்மா கூடத்தானே கீறா? அவ இன்னா சொல்றா?"

ரோஸி தலையைக் குனிந்துகொண்டாள். மகள் சொன்னால் சொல்லட்டும், உண்மைதானே.

தமிழ்மொழி அம்மாவின் கால்களைப் பார்த்தாள். கட்டை விரலுக்குக் கீழே கொப்புளம் ஒன்று வெடித்து ஈரமாக இருந்தது.

"அம்மா எனக்காவ நந்தனத்துலேர்ந்து மாதா கோயிலு வரைக்கும் வெறுங்காலுல நடந்துச்சு நைனா" என்றாள்.

ரோஸி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அவளா? அட!" டில்லிபாபுவின் குரல் தழுதழுத்தது. "செரி, கேளு. அதுக்குத்தான் போன் பண்ணேன். முகாமிலேர்ந்து என் நம்பருக்குப் பேசுனாங்க, நீ என் நம்பர்தானே குடுத்துகீற. நாளைக்குக் காலையிலயே பெரிய டாக்டரு பாக்குறாராம். டாட்டூ இல்லன்னு நீ சொன்னத வேற எழுதி வெச்சிகீறாங்களாம். பச்சை எப்ப, எப்பிடி குத்துனதுன்னு வூட்டுப் பெரியவங்க ஒருத்தர் வந்து சொன்னா நல்லதுன்னாங்க. நாளைக்குக் கடலுக்குப் போவல, நானே வரேன்."

ரோஸி கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"நீ கடலுக்குப் போ. குத்துறப்ப புள்ளையப் புடிச்சிகினு இருந்தது நானு. நானே போயி சொல்றேன்" என்றாள்.

போனை மடியில் வைத்துவிட்டு மகளின் கையை இழுத்தாள். உள்ளங்கை மேலே பார்க்கும்படி மெல்லத் திருப்பித் தன் முழங்காலில் வைத்தாள். செங்கல் தேய்த்த இடம் இன்னும் சிவந்திருந்தது. இந்தக் காயத்துக்கு நாளை டாக்டரிடம் என்ன சொல்வது என்ற கவலை அப்போதுதான் அவளுக்கு வந்தது.